தாங்கிகளுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம்: திருகோணமலையில் எரிபொருள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளைகுடா நாடொன்றின் எரிபொருள் முனையத்தில் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். சீனக்குடாத் தேநீர்க் கடையிலும் கிண்ணியாவில் கல்யாண வீட்டிலும் உப்புவெளிக் கடற்கரையிலும் என்னிடம் ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன். அவசரமாக வாசிப்பவர்கள் 2ஆம் பதிலை மட்டுமாவது வாசியுங்கள். மற்றப் பதில்களில் பாதி அதிலிருந்துதான் வருகிறது.

1. "சீனக்குடாவில எண்ணெய் சுத்திகரிக்கிறாங்களா? உள்ளுக்க என்னதான் நடக்குது?"

சுத்திகரிப்பு நடப்பதில்லை. நாட்டில் மசகெண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஒன்றுதான் இருக்கிறது. அது சப்புகஸ்கந்தையில் 1969இலிருந்து இயங்குகிறது. சீனக்குடாவில் இருப்பது களஞ்சியம். சுத்திகரித்த எரிபொருள் கப்பலில் வரும், குழாய் வழியாகத் தாங்கிக்குப் போகும், பிறகு பவுசரில் ஏறி ஊர் ஊராகப் போகும்.

பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டியவை அந்தத் தாங்கிகள். இப்போது 99 இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கனமீற்றர் கொள்ளும். 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 தாங்கிகள் இந்தியன் ஒயிலின் இலங்கை நிறுவனமான லங்கா ஐஓசியிடமும் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும் இருக்கின்றன. மீதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு உரியவை. தாங்கிகள் கீழ், மேல் என இரண்டு தொகுதியாக நிற்கின்றன, மேல் தொகுதியில் பெரும்பகுதி நீண்ட காலம் காடு பிடித்துக் கிடந்ததை வீதியால் போகிறவர்கள் அறிவார்கள்.

சுத்திகரிப்பு ஆலையில் 350 பாகை வரை சூடாக்கும் உலை, உயர் அழுத்தம், ஐதரசன், நச்சு வாயுவான ஐதரசன் சல்பைட்டு எல்லாம் இருக்கும். களஞ்சியத்தில் இவை இல்லை. அங்கே பயப்பட வேண்டியது அளவைப் பார்த்து: ஒரே இடத்தில் அவ்வளவு எரிபொருள்.

2. "பெற்றோல் பக்கெண்டு பத்துது, டீசலுக்கு நெருப்புக்குச்சி போட்டாலும் பத்தாது எண்டுறாங்களே, ஏன்?"

எரிவது திரவம் இல்லை, அதன் மேலே நிற்கும் ஆவி. பெற்றோல் −40 பாகை குளிரிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். மண்ணெண்ணெய்க்கு ஏறக்குறைய 38 பாகையும், டீசலுக்கு 50 பாகைக்கு மேலும் வேண்டும். ஆகவே நம் ஊரில் பெற்றோல் எந்நேரமும் தயார் நிலையில் இருக்கிறது. டீசல் சாதாரண வேளையில் அப்படியில்லை. மண்ணெண்ணெய் இரண்டுக்கும் நடுவில்: கச்சான் அடிக்கும் மாதங்களில் வெயிலில் நிற்கும் தகரக் கானுக்குள் 38 பாகை வருவது சர்வசாதாரணம்.

இன்னும் இரண்டு விசயம். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரம். மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து வடிகானிலும் பள்ளத்திலும் தேங்கும், தூரத்தில் இருக்கிற அடுப்பைத் தேடிப் போகும். காற்றில் அந்த ஆவி 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால்தான் எரியும். அதற்குக் கீழே போதாது, மேலே ஒட்சிசன் போதாது.

கண்ணால் பார்க்க ஆசையென்றால், வெயிலில் ஒருவர் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்கும்போது தரையில் விழும் நிழலைக் கவனியுங்கள். தாங்கி வாய்க்குப் பக்கத்தில் நிழல் நெளிந்து நெளிந்து ஓடும். அதுதான் ஆவி.

3. "அவ்வளவு பழைய தாங்கி, வெடிக்காதா?"

வயதைக் கேட்பதைவிடத் தகட்டின் தடிப்பைக் கேளுங்கள். உருக்குத் தாங்கி எத்தனை வருசமானாலும் நிற்கும், தகடு தேயாமல் இருந்தால். தேய்கிறதா என்பதை ஒலியலைக் கருவியால் அளந்து பார்க்கலாம். முக்கியமாக அளக்க வேண்டியது அடித்தகடு. எரிபொருளோடு வரும் கொஞ்சத் தண்ணீர் அடியில் தங்கி உள்ளேயிருந்து அரிக்கும், கீழேயுள்ள ஈரமண் வெளியேயிருந்து அரிக்கும், உப்புக்காற்று சுவரைத் தின்னும். பக்கச்சுவர் கசிந்தால் எவராவது காண்பார்கள். அடித்தகடு கசிந்தால் கிணறுதான் முதலில் சொல்லும் (10ஆம் கேள்வி).

இந்தத் தாங்கிகளில் ஒன்று எரிந்த வரலாறும் உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானத் தாக்குதலின்போது ஒரு தாங்கி அழிந்தது. பக்கத்துத் தாங்கிகள் தப்பி இன்றும் நிற்கின்றன. தாங்கிகளுக்கு நடுவில் அவ்வளவு இடைவெளி விடுவது இதற்காகத்தான். காடு சூழ்ந்த தாங்கிகளைத் திரும்பப் பாவனைக்கு எடுக்கும்போது புல்லும் பற்றையும் வெட்டித் துப்புரவாக வைத்திருப்பதும் இதே அளவு முக்கியம்.

4. "வெறும் பரல்தானே அண்ணா, வெட்டித் தண்ணித் தொட்டி செய்யப் போறம். வெல்டிங் வச்சா என்ன?"

வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் நம்பாவிட்டாலும் இதை நம்புங்கள். நிறைந்த பரலைவிட வெறும் பரல் ஆபத்தானது. நிறைந்த பரலில் ஆவிக்கு இடமில்லை. வெறும் பரல் முழுக்க ஆவியும் காற்றும். 200 லீற்றர் பரலுக்குள் எரியக்கூடிய கலவை உண்டாக ஒரு மேசைக்கரண்டி பெற்றோல் மிச்சமிருந்தால் போதும். மடிப்புகளில் அதைவிடக் கூடவே ஒட்டியிருக்கும்.

கழுவினோம், மணமில்லை என்பார்கள், அதை நம்பாதீர்கள். டீசல் பரலும் இதில் அடங்கும். வெல்டிங் சூட்டில் மடிப்பிலிருக்கும் டீசல் 50 பாகையை நொடியில் தாண்டி ஆவி விடும். தொழிற்சாலைகளில் இப்படி ஒரு வெட்டு வேலைக்கு எழுத்தில் பேர்மிட் வேண்டும், வாயு அளக்கும் மீற்றர் வைத்துப் பார்த்த பிறகே கையொப்பம் விழும். வீட்டில் அந்த மீற்றர் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பிளாஸ்டிக் பரல் வாங்குங்கள்.

5. "பவுசர் வந்தா முதல்ல ஒரு வயரைக் கொழுவுறாங்க. அது எதுக்கு?"

குழாய்க்குள் வேகமாக ஓடும் எரிபொருளில் நிலைமின் ஏறும். நைலோன் சட்டையைக் கழற்றும்போது சடசடக்கிறதே, அதே மின். பவுசருக்கும் நிலத்துக்கும் இடையில் அந்த மின் பாய்ந்தால் பொறி வரும், பொறியிருக்கும் இடத்தில் 2ஆம் பதிலில் சொன்ன ஆவியும் இருக்கும். வயர் அந்த மின்னைச் சத்தமில்லாமல் நிலத்துக்கு இறக்கிவிடுகிறது.

வயரின் நுனியிலிருக்கும் கிளிப்பைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் பல்லுகள் கூராக இருக்க வேண்டும். பெயின்றையும் துருவையும் கீறி உலோகத்தைத் தொட்டால்தான் மின் இறங்கும். பெயின்றின் மேல் கொழுவிய கிளிப்புக்கும் கொழுவாத கிளிப்புக்கும் வித்தியாசமில்லை. வேகமும் கணக்கு: நிரப்பத் தொடங்கும்போது குழாயின் வாய் மூழ்கும் வரை செக்கனுக்கு 1 மீற்றருக்கு மேல் விடக்கூடாது. உயரத்திலிருந்து தெறிக்க விட்டால் நிலைமின்னும் கூடும், ஆவியும் கூடும்.

6. "ஷெட்டில போன் கதைச்சா நெருப்புப் பத்துமா?"

கைபேசியால் தீப்பிடித்ததாகச் சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நிலைமின்தான். ஆனாலும் போனைப் பையில் வையுங்கள், கவனம் சிதறக்கூடாது. எஞ்சினை நிறுத்துவதும் சிகரெட் இல்லாமல் நிற்பதும் இதைவிட முக்கியம்.

7. "2022இல கான் கானா வாங்கி வச்ச பழக்கம் இன்னும் போகல. வீட்டில வச்சா என்ன?"

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் வரிசையில் நாள்கணக்கில் நின்றவர்களுக்கு அந்தப் பயம் இருக்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குசினிக்குப் பக்கத்தில் பெற்றோல் கான் வைக்காதீர்கள். மூடி சரியாக இறுகாத கானிலிருந்து ஆவி தரையோடு போய் அடுப்பைத் தொடும். வைத்தே ஆக வேண்டுமென்றால் எரிபொருளுக்கென்று செய்த கானில், வீட்டுக்கு வெளியே, நிழலில், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், மிகக் கொஞ்சமாக வையுங்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். தாகத்தில் குடித்துவிடுவார்கள்.

கடலுக்குப் போகும் தம்பிமார் இன்னொன்று செய்கிறார்கள். எஞ்சினுக்கு மண்ணெண்ணெயில் பெற்றோல் கலக்கிறார்கள், மிச்சம் வீட்டுக்கு வந்து அடுப்புக்குள் போகிறது. கொஞ்சம் பெற்றோல் சேர்ந்தாலே மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரி நடக்கத் தொடங்கிவிடும். படகுக் கானுக்குச் சிவப்புப் பட்டி கட்டுங்கள், அது வீட்டுப் படி ஏறக்கூடாது.

8. "உண்மையில பெரிய விபத்து எப்பிடி வரும்? ஆரும் குண்டு வச்சாத்தானே?"

குண்டு தேவையில்லை. இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்ட் என்ற எரிபொருள் களஞ்சியத்தில் 2005 டிசம்பர் 11ஆம் திகதி நடந்ததைத் தாங்கிக்குப் பக்கத்தில் வாழும் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். குழாய் வழியாக ஒரு தாங்கிக்குப் பெற்றோல் ஏறிக்கொண்டிருந்தது. அதிகாலை மூன்று மணியளவில் மட்டங்காட்டும் கருவி சிக்கி ஒரே இடத்தில் நின்றுவிட்டது. திரையில் மட்டம் அசையவில்லை, பெற்றோலோ ஏறிக்கொண்டே இருந்தது.

இந்த நிலைக்கென்றே இரண்டாவது காவல் ஒன்று வைத்திருந்தார்கள். தாங்கி நிரம்பினால் தானாக நிறுத்தும் ஆளி. அந்த ஆளி சரியாக வேலை செய்ய அதன் சோதனை நெம்புகோலில் ஒரு சிறு பூட்டுப் போட வேண்டும். பூட்டு போடப்படவில்லை, ஆளி செத்துக் கிடந்தது. ஐந்தரை தாண்டி பெற்றோல் தாங்கியின் விளிம்பால் வழியத் தொடங்கியது. வழிந்து விழும்போது துளித்துளியாகச் சிதறியது, சிதறிய துளி ஆவியானது, காற்றில்லாத குளிர்ந்த விடியலில் அந்த ஆவி வெண்புகார் மாதிரித் தரையில் பரவியது. காலை 6.01க்கு வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை விடியலாக இருந்ததால் எவரும் சாகவில்லை, 43 பேர் காயப்பட்டார்கள். தீ நாட்கணக்கில் எரிந்தது.

சீனக்குடாவுக்கு இதிலிருந்து எடுக்க வேண்டியது: ஒரு கருவியை நம்பி இருக்கக்கூடாது. மட்டங்காட்டியும் நிறுத்தும் ஆளியும் ஒன்றையொன்று சாராமல் இயங்க வேண்டும். ஆளியைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை உண்மையாகவே சோதித்து எழுதி வைக்க வேண்டும். கப்பல் இறங்கும் இரவில் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் களைத்துப் போனவராக இருக்கக்கூடாது. இரும்பைவிட இந்த மூன்றும்தான் என்னைத் தூங்கவிடும்.

9. "நெருப்புப் பத்தினா தண்ணி அடிச்சா அணையாதா?"

எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. தண்ணீர் கீழே போகும், எரியும் எண்ணெய் மேலே மிதந்து வழிந்து பரவும். மசகெண்ணெய், உலை எண்ணெய் போன்ற பார எண்ணெய்த் தாங்கிகளில் இன்னும் மோசம். நெடுநேரம் எரிந்து சூடு அடிவரை இறங்கினால் அங்கே தங்கியிருந்த தண்ணீர் ஆவியாகி 1,700 மடங்கு விரியும், எரியும் எண்ணெயை வெளியே தள்ளும். அதனால் தாங்கித் தீக்கு நுரை. தண்ணீரைப் பக்கத்துத் தாங்கிகளின் சுவரைக் குளிர வைக்கப் பாவிப்பார்கள்.

நுரைக்கும் ஒரு விலை உண்டு. நீண்டகாலம் பாவனையில் இருந்த நுரைகளில் புளோரின் சேர்ந்த, எளிதில் அழியாத இரசாயனங்கள் இருந்தன. பன்ஸ்ஃபீல்டில் தாங்கிகளைச் சுற்றிய அணைச்சுவர்கள் ஒழுகி, எரிபொருளும் நுரையும் நிலத்தடி நீருக்குள் போய்விட்டன. அணைச்சுவர் உள்ளேயுள்ள பெரிய தாங்கியின் கொள்ளளவில் 110 சதவீதத்தையாவது பிடிக்க வேண்டும் என்பது உலக வழக்கம். பிடித்தால் போதாது, பொருத்துகள் ஒழுகாமலும் இருக்க வேண்டும். இப்போது புளோரின் இல்லாத நுரைகள் இருக்கின்றன. புதிதாக வாங்குபவர்கள் அவற்றையே வாங்க வேண்டும் என்பேன்.

10. "கிணத்துத் தண்ணில எண்ணெய் மணக்குது. கொதிக்க வச்சுக் குடிக்கலாமா?"

குடிக்கவும் வேண்டாம், கொதிக்க வைக்கவும் வேண்டாம். கொதிக்க வைத்தால் ஆவி குசினிக்குள் வரும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் மணல் நிலம், மேலே ஊற்றியது விரைவில் கிணற்றுக்குப் போகும்.

கணக்கைப் பாருங்கள். குடிநீரில் பென்சீன் லீற்றருக்கு 10 மைக்குரோகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பெற்றோலில் 1 சதவீதம் பென்சீன் என்று வைத்தால், ஒரு லீற்றர் பெற்றோலில் இருப்பது எட்டு லட்சம் லீற்றர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதும். கராஜில் கழிவு எண்ணெயை மண்ணில் ஊற்றுகிறவர்களுக்கு நான் சொல்லிக்காட்டும் கணக்கு இது. மணந்தால் கிணற்றைப் பாவிப்பதை நிறுத்தி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லித் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள்.

11. "எங்கட பக்கம் ஐஸ் தொழிற்சாலை. சில நேரம் மூக்கு எரியுது, அது என்ன?"

அநேகமாக அமோனியா. மீன்பிடி ஊர்களின் பெரிய ஐஸ் ஆலைகள் பலவற்றில் குளிரூட்டியாக ஓடுவது அதுதான். நல்ல விசயம், ஆபத்தான அளவு வருவதற்கு வெகு முன்னரே மூக்கு எச்சரிக்கும். மணம் கடுமையானால் காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். காற்றுக்குக் குறுக்காக நடந்து மணத்தைவிட்டு வெளியேறி, பிறகு காற்று வரும் பக்கம் போங்கள். அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும், ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடினால் ஓடுவதற்கு நேரம் கிடைக்கும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் தொடர்ந்து கழுவுங்கள். அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119.

12. "அப்ப இனி வரப்போற சூரிய மின்சாரத்தில செய்யிற அமோனியா, ஐதரசன் எல்லாம் பயமில்லைதானே?"

இது நல்ல கேள்வி, சம்பூரில் நிலக்கரி மின் நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டு அங்கே சூரிய மின் திட்டம் வந்த பிறகு அடிக்கடி வருகிறது. சூரிய மின்னால் தண்ணீரைப் பிரித்து ஐதரசன் எடுத்து, காற்றிலுள்ள நைதரசனோடு சேர்த்து அமோனியா செய்தால் காபனீரொட்சைட்டு வராது. வானத்துக்கு நல்லது. ஆனால் தாங்கிக்குள் போன பிறகு அது 11ஆம் பதிலில் சொன்ன அதே அமோனியா, ஐஸ் ஆலையில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடுதலாக. −33 பாகையில் திரவமாக வைத்திருப்பது ஒழுகினால் குளிர்ந்த பாரமான மேகமாகத் தரையில் பரவும்.

ஐதரசன் வேறு மாதிரி. பெற்றோல் ஆவி ஊர்ந்து போகும், ஐதரசன் மேலே பறந்துவிடும். திறந்த வெளியில் அது நன்மை, கூரைக்கு அடியில் கெடுதி. பகலில் அதன் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. நான் இவற்றுக்கு எதிரானவன் இல்லை, வரத்தான் வேண்டும். ஆனால் சுற்றாடலுக்கு நல்லது என்ற ஒன்றை வைத்துப் பாதுகாப்புக் கேள்விகளைத் தவிர்க்க எவரையும் விடக்கூடாது.

13. "பொரிச்ச எண்ணெயில டீசல் செய்யலாமாமே. வீட்டில செய்து பாக்கட்டா?"

செய்யலாம் என்பது உண்மை. ஹோட்டல் எண்ணெயை வடிகானில் ஊற்றுவதைவிட மிக நல்ல வழி. 100 கிலோ எண்ணெயோடு சுமார் 11 கிலோ மெதனோலும் கொஞ்சம் சோடியம் ஐதரொட்சைட்டும் சேர்த்தால் ஏறக்குறைய 100 கிலோ உயிரி டீசலும் 10 கிலோவளவு கிளிசரோலும் கிடைக்கும்.

வீட்டில் வேண்டாம் என்பதற்குக் காரணம் மெதனோல். 11 பாகையிலேயே எரியும் ஆவி விடும். பகல் வெளிச்சத்தில் அதன் நெருப்பு தெரியாது, கை வெந்த பிறகே தெரியும். கொஞ்சம் வாய்க்குள் போனாலும் கண் பறிபோகலாம், உயிரும் போகலாம். சோடியம் ஐதரொட்சைட்டு தோலையும் கண்ணையும் கரைக்கும். செய்த உயிரி டீசலைக் கழுவிய சவர்க்காரத் தண்ணீரை எங்கே விடுவீர்கள் என்பதும் இருக்கிறது, 10ஆம் பதிலைப் பாருங்கள். ஹோட்டல்காரர்கள் சேர்ந்து எண்ணெயைச் சேகரித்து, முறையான இடத்துக்குக் கொடுங்கள்.

14. "சீமைக்கிளுவை வெட்டி எரிச்சு கரண்ட் எடுக்கிறது நிலக்கரியைவிட நல்லதா, சும்மா கதையா?"

முறையாகச் செய்தால் நல்லது. சீமைக்கிளுவை வெட்ட வெட்டத் தழைக்கும், வேரில் நைதரசனைச் சேர்க்கும், இலை மாட்டுக்கும் வயலுக்கும் ஆகும். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த பெருந்தோட்டப் பயிராக நம் நாட்டில் அதை ஏற்றிருக்கிறார்கள். வேலியில் வளர்த்து விற்றால் ஏழைக் குடும்பத்துக்கும் காசு. காட்டை அழித்து எரித்தால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது, ஆகவே விறகு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஆலைக்குள் கவனிக்க வேண்டியது ஈரவிறகுத் தூள் குவியல். அது உள்ளே தானாகச் சூடேறிப் புகையத் தொடங்கும், குவியலை உயரமாக வைக்காமல் அடிக்கடி புரட்ட வேண்டும்.

15. "நாங்க சாதாரண சனம். இதெல்லாம் ஆரிட்ட போய்க் கேக்கிறது?"

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்கும் உரியது. பெற்றோலியக் கூட்டுத்தாபனம், மத்திய சுற்றாடல் அதிகார சபை, மாவட்டச் செயலகம் எல்லாவற்றிலும் தகவல் அலுவலர் இருக்க வேண்டும். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு இருக்கிறது. பெரிய புதுத் திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால், பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 வேலை நாட்கள் தருவார்கள். அறிவித்தலைப் பத்திரிகையில் தேடி வாசியுங்கள்.

"பாதுகாப்பாக இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், ஆம் என்று ஒரு வரி வரும். அடித்தகட்டின் தடிப்பைக் கடைசியாக அளந்த திகதியைக் கேளுங்கள். நிறுத்தும் ஆளியைச் சோதித்த பதிவின் பிரதியைக் கேளுங்கள். அணைச்சுவர் எவ்வளவு பிடிக்கும், எந்த நுரை இருப்பில் இருக்கிறது, இரவில் ஏதும் நடந்தால் பக்கத்துக் கிராமத்துக்கு எவர், எதன் மூலம் அறிவிப்பார், சனம் எந்த வீதியால் வெளியேற வேண்டும் என்று கேளுங்கள். வரும் பதிலைப் பிரதி எடுத்துக் கிராம அலுவலரிடமும் கோயில், பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் கொடுத்து வையுங்கள். கடிதம் எழுத உதவி தேவைப்பட்டால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.